பேசாத கம்பத்துக்குத் தினம் ஒரு குடம்

திருத்தங்கல்,
சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் சாயங்காலம்.

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா சின்னத்தாய் சொல்ல, தங்கை வேல்விழி எழுதும் கடிதம். இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவுக்கு இடது தோளில் மட்டும் வலி, அதை எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன். அருணாசலப் பிரதேசத்து மலையில் ரோடு போடுகிற உனக்குக் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறதா, அம்மா கொடுத்துவிட்ட கம்பளியைப் போர்த்திக்கொள்கிறாயா இல்லை அதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா என்பதை முதலில் எழுது. தீபாவளி சீசன் என்பதால் அம்மா பட்டாசு கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டே சொல்கிறாள், மருந்து போடாத வெறும் குழாய்தான், பயப்படாதே. அவள் இரண்டு கையிலும் பசை, அதனால் பேனா என் கையில் இருக்கிறது. அது என் கையில் இருக்கும்வரை நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் கூட்டாமலும் மறைக்காமலும் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொம்ப உண்மை எழுதி உங்க அண்ணனப் பயமுறுத்தாதடி, அம்புட்டுத் தூரத்துல இருக்கான் என்கிறாள் அம்மா. அதையும் பதிவு செய்துகொண்டேன்.

போன கடிதத்தை அப்பா எழுதினார். ரேடியோ நன்றாக வேலை செய்கிறது என்று அதில் எழுதியிருந்தார். அது உண்மையில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ இருக்கிற மலையில் போன் டவர் கிடையாது என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஹாம் ரேடியோப் பைத்தியம் பிடித்தது உனக்குத் தெரியும். வீட்டிலிருந்தபடியே மைக்கைப் பிடித்துப் பேசினால், அதே மாதிரி ரேடியோ வைத்திருக்கிறவர் எந்த ஊரிலிருந்தும் பதில் பேசுவார், அதற்கு அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்பா பிரஸ்ஸில் காலண்டர் அச்சு ஓட்டிவிட்டு வந்து படித்தார், நான்தான் கேள்வி கேட்டேன். தந்தி அடிப்பதையும் பழகிக்கொள்கிறேன் என்று சாப்பிடும்போது கரண்டியால் தட்டில் தட்டுவார், அம்மா குழம்பு கேட்கிறார் என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள், பரீட்சையில் பாஸாவதற்குள் அப்பாவுக்குத் தொப்பை போட்டுவிட்டது. பிறகு எந்த ரேடியோ வாங்குவது என்ற கேள்வி வந்தது. கைக்குள் அடங்குகிற சின்னது அழகாக இருந்தது, ஆனால் அது கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் போகும், சாத்தூர்க்காரனோடு பேச எதற்கு ரேடியோ, பஸ் இருக்கிறதே என்று அப்பா வேண்டாம் என்றார். வானத்தில் முட்டித் திரும்பி வெகுதூரம் போகிற பெரிய ரேடியோ பழசாக மதுரையில் ஒருவரிடம் இருந்தது. நானும் போனேன். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார், அவர் மனைவி எங்களுக்கு இரண்டு தடவை காபி கொடுத்து, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, பட்டாசுன்னா இறங்குங்க என்றார், பிறகு அவரே யோசித்து, சிவகாசிக்கு யாருய்யா பட்டாசு கொண்டுபோவான் என்று சிரித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

ரேடியோ வந்தால் போதாது, மொட்டைமாடியில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பியைச் சரித்துக் கட்ட வேண்டும். அப்பாவுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் கருப்பணன் மாமாவைக் கூப்பிட்டார். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் இடிதாங்கி நடுகிறாரே, அவரேதான். அப்பா அவரிடம், மச்சான், மாடியில ஒரு கம்பம் நடணும் என்று மட்டும் சொல்லிவிட்டு, சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டு, கம்பி இந்தத் திசையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஏன் என்று கேட்டதற்குக் காத்துக்காக என்றார். மாமா பிரமாதமாக நட்டார். உச்சியில் செம்பு முள் வைத்தார், கீழே குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு, முள்ளிலிருந்து வருகிற பட்டையான செம்புத் தகட்டை மண்ணுக்குள் இறக்கினார், பேச்சு போக வேண்டிய இரண்டு கம்பியையும் உச்சியிலேயே கிளாம்பு போட்டு அந்தத் தகட்டோடு முறுக்கி, டேப் சுற்றி, பெயிண்டும் அடித்தார். இடி எந்த வழியா வந்தாலும் நேரா மண்ணுக்குள்ள போயிரும் மச்சான், இனி நிம்மதியாத் தூங்கலாம் என்றார். அப்பா கீழேயிருந்து பார்த்து எம்புட்டுச் சுத்தமான வேலை என்று பாராட்டினார். குழி காயாமல் இருக்க அதில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நம் தெருவில் தண்ணீர் எந்த லட்சணத்தில் வருகிறது என்று உனக்கே தெரியும்.

ரேடியோவில் அப்பளம் பொரிக்கிற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்பா வேலைக்குப் போகுமுன் கேட்பார், வந்தபின் கேட்பார், மைக்கைப் பிடித்து விக்டர் யூனிஃபார்ம் த்ரீ என்று தொடங்குகிற தன் ரேடியோப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவார், யாரும் ஏனென்று கேட்கவில்லை. இந்த வருசம் சூரியனில் கரும்புள்ளி குறைவு, அதனால் அலை சரியாகப் போகாது என்று புத்தகத்தைக் காட்டினார். அம்மா, தன் வீட்டு ரேடியோ பேசலைன்னு சூரியன் மேல பழி போடுற மொத ஆம்பள நீங்கதான் என்றாள். பக்கத்து வீட்டு அய்யம்மாள் அக்கா, செல்போன் டவரா, மாச வாடகை வருதா என்று விசாரித்தாள். அம்மாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது, இதையும் எழுதத்தான் வேண்டும். அவள் குழாயைக் காயப்போடுவது அந்த மொட்டைமாடியில்தான், கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் நாலு பக்கமும் ஓடிப் பாதி இடத்தை அடைத்துவிட்டன, காயாத குழாயைக் கம்பெனி வேன் எடுப்பதில்லை. கடைசியில் ஒருநாள் குடத்தை டங்கென்று வைத்துவிட்டு, ஆயுத பூஜைக்குள்ள இது வாயத் தொறக்கணும், இல்லன்னா கம்பத்த இறக்கிருங்க, வேலை செய்யாத சாமானுக்கு நான் சந்தனம் வைக்க மாட்டேன், பேசாத கம்பத்துக்குத் தினம் ஒரு குடம் ஊத்தவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நம் ஊரில் அரிவாள்மனை, சைக்கிள், தையல் மிசின் வரைக்கும் பொட்டு வாங்குகிற நாளில் தன் ரேடியோ மட்டும் மூலையில் கிடப்பதை நினைத்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தொப்பை கரைந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், பட்டப்பகல் வெயிலில், கருப்பணன் மாமா கம்பத்தை இறக்க வந்துவிட்டார். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். நான் வச்ச இடிதாங்கியை எந்த ஆலைக்காரனும் இதுவரைக்கும் எடுக்கச் சொன்னதில்ல தங்கச்சி என்று ரொம்ப வருத்தப்பட்டுக்கொண்டேதான் ஏணியில் ஏறினார். அப்பா மாடிக்குப் போகவில்லை. கீழே ரேடியோவைப் போட்டுவிட்டு, அது பொரிக்கிறதைக் கேட்டபடி, கம்பம் கீழே வருகிற வரைக்கும் ஓடட்டும் என்று துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. மேலே மாமா முதல் வேலையாகக் கம்பிகளைத் தகட்டோடு பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினார். கழற்றின அந்த நிமிசம் ரேடியோவுக்குள்ளிருந்து ஓர் ஆள் தொண்டையைச் செருமினார். சத்தியமாகச் செருமினார் அண்ணே. பிறகு, தென்காசியில மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துது, மேகம் பூராவும் கிழக்க பாத்து ஓடுது என்று தெளிவாகச் சொன்னார். அப்பா மைக்கை எடுத்தார். இத்தனை மாதம் ஒத்திகை பார்த்த விக்டர், யூனிஃபார்ம் எல்லாம் மறந்துபோய், ஐயா வணக்கம், திருத்தங்கல் பாலகுரு பேசுறேன், சாப்பிட்டீகளா என்று கேட்டார். அந்தப் பக்கம் இன்னொரு செருமல் கேட்டது. அப்புறம், சாப்பிட்டாச்சு, மொதல்ல உங்க ரேடியோப் பேரச் சொல்லுங்க என்று பதில் வந்தது. அவர் சீனிவாசகம், போஸ்டாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர். மாமா மேலேயிருந்து, மச்சான், அங்கன யாரு பேசுறது என்று கத்துகிறார். அம்மாவோ தென்காசி மழை என்பதைத் தவிர வேறு எதையும் காதில் வாங்கவில்லை. கிழக்க பாத்து ஓடுதுன்னா இங்கனதானே வரும் என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள், நானும் ஓடினேன், கம்பத்தை இறக்க வந்த மாமாவையே ஏணியிலிருந்து இறக்கிக் குழாய் அள்ள வைத்தாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அய்யம்மாள் அக்கா தன் மாடியில் நின்று, ஏத்தா, வெயிலுக்குப் பயந்து குழாய் அள்ளுற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன் என்று சிரித்தாள். அம்மா கடைசிச் சாக்கைப் படியில் இறக்கவும், அப்பா இடிக்குப் பயந்து கேபிளை ரேடியோவிலிருந்து உருவவும், மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டவும் சரியாக இருந்தது. தெருவில் மற்ற எல்லோருடைய குழாயும் கூழாகிவிட்டது. அம்மா சிரிக்கவில்லை, அய்யம்மாள் அக்காவுக்குப் பாதிக் குழாயை அவளே சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றிக் கொடுத்தாள், ஆனால் அம்மா முகத்தில் ஒரு களை இருந்தது.

மழை விட்டதும் அப்பாவும் மாமாவும் கிளாம்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். பேச்சுக் கம்பியை மண்ணோடு கட்டினால் பேச்சும் மண்ணுக்குள்தான் போகும் என்று அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது, அவர் பரீட்சைக்கு அதை நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். மாமா விடவில்லை. கம்பம்னுதான் சொன்னீக, பேசுற கம்பம்னா சொன்னீக, இந்த ஊர்ல கம்பம்னா வேற என்ன என்றார். கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. ஒரு பெரிய சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் தள்ளினால் ரேடியோ, மறுபக்கம் தள்ளினால் மண். மேகம் கூடினால் மண் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். குடம் தண்ணீர் தொடர்கிறது. நேற்றுப் பூஜையில் அம்மா ரேடியோவுக்குச் சந்தனம் வைத்தாள், முன்னால் வைத்தால் அலைவரிசை எண் மறையும் என்று அப்பா கெஞ்சியதால் பக்கவாட்டில் வைத்தாள். ஆனாலும் கம்பம் இன்னும் இருக்கட்டும் என்று அவள் வாயால் சொல்லவில்லை, மழைக்காலம் முடியட்டும் பாப்போம் என்றுதான் சொன்னாள். பிறகு அப்பா தென்காசிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர், எல்லாரும் வசதிப்பட்ட பக்கம் கம்பியக் கட்டுவாக, நீங்க ஏன் பாடுபட்டு வடகிழக்கப் பாக்க வச்சிருக்கீக என்று கேட்டார். அப்பா மெதுவாக, எம் பையன் அந்தப் பக்கந்தான்யா இருக்கான் என்றார். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் வெகுநேரம் அவள் காய்ந்த குழாயையே மறுபடி மறுபடி எடுத்து அடுக்கினாள். இதை எழுதாதே என்று இப்போது அதட்டுகிறாள்.

இன்று என்னவென்றால், அசாமில் கவுகாத்தியில் ஒருவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேச வருவாராம், சீனிவாசகம் ஐயா சொன்னார். உன்னோடு பேச முடியாது, அது எங்களுக்குத் தெரியும், ஆனால் உன் மலைப்பக்கம் மழையா பனியா என்று அவரைக் கேட்கலாம். அப்பா பேசும்போது அய்யம்மாள் அக்கா டிவியில் சீரியல்காரி வாயசைக்க அப்பா குரல் வருகிறது, அதற்காக நேற்று ஒரு சண்டையும் நடந்தது. இன்று அக்காவே டிவியை நிறுத்திவிட்டு, எப்படியும் உம் புருசன் குரல்தான் வரப்போகுது, இங்கனயே உக்காந்து கேக்கேன் என்று வந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்பா மைக்கைத் துடைக்கிறார். டியூப் லைட் எரிந்தால் ரேடியோவில் இரைச்சல் வரும், தூரத்துக் குரல் கேட்காது. ஆனால் காலையில் வேன் வரும், அம்மாவுக்கு இன்னும் ஒரு கூடை குழாய் பாக்கி, அதனால் அணைக்கச் சொல்ல அப்பாவுக்குத் தைரியம் இல்லை, லைட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

அம்மா சொல்லுவதைச் சீக்கிரம் எழுதி முடிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இடி இடித்தால் மரத்தடியில் நிற்காதே, இது கருப்பணன் மாமா சொன்னது. நீ இருக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரைத் தெளிவாக எழுதி அனுப்பு, மறந்துவிடாதே, அப்பா கேட்டுச் சொல்ல வசதியாக இருக்கும். மாரியம்மன் உன் கையையும் காலையும் காபந்து பண்ணுவாள், போன பாதை எல்லாம் நல்ல பாதையாக அமையட்டும், தை மாதம் முழுசாக வந்து சேர்.

இப்படிக்கு,
பசைக் கையோடு உன் அம்மா சின்னத்தாய்.
எழுதியது வேல்விழி.

கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள் அண்ணே, இருட்டில் எழுதினேன். யாரும் சொல்லவில்லை, அம்மாவே கூடையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போய், கையில் பசை என்பதால் முழங்கையால் சுவிட்சைத் தட்டி லைட்டை அணைத்துவிட்டாள்.