பத்து மடங்குப் பெரிய நம் பின்னறை

மதிப்பிற்குரிய கட்டடக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நானும் சின்னவளும் நலம். குளியலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. போகிற ஊரிலெல்லாம் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளவும். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. போனில் பேசினால் ‘கூட்டத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் புது அரங்கத்தில் எனக்கு ஒத்திகை. திறப்பு விழாவில் நான்தான் முதலில் பாட வேண்டும் என்று சொன்னவரே நீங்கள்தான், ஞாபகம் இருக்கட்டும். மேடை ஏறினேன். வீட்டில் பாடத் தொடங்கும் முன் உங்களைக் கேட்பேனே, அந்தப் பழக்கத்தில் கடைசி வரிசையைப் பார்த்து ‘கேக்குதா?’ என்றேன். பின்சுவர் என்னைத் திருப்பிக் கேட்டது, ‘கேக்குதா?’ என்று!

தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார், இரண்டாகக் கேட்டது. ‘ஏம்மா, பின்னால எனக்குப் போட்டியா இன்னொருத்தனை உக்கார வெச்சிருக்காரா உங்க வீட்டுக்காரர்?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. நான் பாடிய முதல் வரி ஆற அமரப் போய்த் திரும்பி வந்து இரண்டாம் வரியின் தலையில் ஏறி உட்கார்ந்தது. வேகமான இடத்தில் ஒரு சொல்கூட விளங்கவில்லை.

அரங்க மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? ‘இது பரிசு வாங்கின கட்டடம் மேடம். இதுல குறை இருக்க வாய்ப்பே இல்ல. உங்க குரல்தான் கொஞ்சம் தளர்ந்திருக்கு, வயசாகுது இல்லையா?’ என்றார். எனக்குப் பதிலாகத் தெம்பான குரல் உள்ள ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாராம். தெம்பான குரலுக்கு எதிரொலியும் தெம்பாகத்தான் வரும், அந்த மனுஷனுக்கு அது கூடவா தெரியாது? இத்தனை வருஷம் பாடிய தொண்டையை ஒரு சிமெண்டுச் சுவருக்காகப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், இரக்கப்பட வேண்டாம்.

அதைவிடப் பெரிய கொடுமை, நடந்ததை நான் எழுதி அனுப்பியதற்கு வந்த உங்கள் பதில். ‘கட்டடத்தோட வேகத்துக்கு நீ கொஞ்சம் இறங்கி வா. நிதானமா பாடிப் பாரு’ என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். பாட்டுக்காக அரங்கமா, அரங்கத்துக்காகப் பாட்டா? சுவர் பேசி முடிக்கிறவரை நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா?

பரிசு வாங்கிய பிறகு ஊர் ஊராகப் போய் நீங்கள் பேசுகிற பேச்சில் ஒன்றைச் சின்னவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். ஒரே பாட்டை எந்தச் சுருதியிலும் பாடலாம், ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள விகிதம் மாறாது. அதுபோல ஒரே அறையை எந்த அளவிலும் கட்டலாம், நீள அகல உயர விகிதம் மாறாமல் இருந்தால் போதும் என்கிறீர்கள். பிறகு நம் வீட்டுப் பின்னறையின் படத்தைக் காட்டி, இதையே பத்து மடங்காக்கித்தான் அரங்கத்தைக் கட்டினேன் என்று சொல்லி, ‘இந்த அறை பாடும்’ என்கிறீர்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அறை பாடுதாமே! அப்போ அங்கே இத்தனை நாளா நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? ‘படத்துல நீ எங்கம்மா?’ என்று சின்னவள் கேட்டாள்.

இசைக்கும் கட்டடத்துக்கும் உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்களைக் கட்டிக்கொண்டவள் அப்படிச் சொல்வேனா? ஆனால் சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் பாட்டின் காலம் மாறுவதில்லை. அறையைப் பத்து மடங்காக்கினால் சத்தம் போய்த் திரும்புகிற நேரமும் அல்லவா நீளும்? இது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். விகிதத்தின் அழகில் மயங்கிவிட்டீர்கள்.

அந்த அறையை அளந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். சுருட்டி வைத்த மெத்தை, கம்பளி, கொடியில் காய்ந்த துணி, உங்கள் வரைபடச் சுருள்கள், எல்லாவற்றையும் வெளியே போடச் சொன்னீர்கள். ‘இதெல்லாம் அளவுல வராது’ என்றீர்கள். நானும் பைத்தியக்காரிபோல் சுமந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பாட்டை நல்லபடி கேட்க வைத்த அத்தனையையும் வெளியே போட்டுவிட்டு மிச்சத்தை அளந்திருக்கிறீர்கள்!

சும்மா குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்று காலை நானும் தாளக்காரரும் மேடைக்குப் பின்னால் கிடந்த பழைய திரைச்சீலைகளை இழுத்துவந்து, பின்சுவர் முழுக்கக் கயிற்றில் தொங்கவிட்டோம். பாடினேன். சொல் சொல்லாக விழுந்தது. ‘ஓடிப்போயிட்டாம்மா அவன்’ என்றார் தாளக்காரர். அதற்குள் மேலாளர் ஓடிவந்து எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்தச் சுவரை மறைக்கக் கூடாதாம். நீங்களே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களாம்.

ஆகவே கேட்கிறேன். திரை போடலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பரிசு கொடுத்தவர்கள் சிரிப்பார்கள், அடுத்த ஊரில் பேசக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். பரிசு உங்களுக்குக் கிடைத்தது, பழி என் தொண்டைக்கு வந்தது. அது நியாயமா என்று மட்டும் சொல்லுங்கள்.

தபாலில் அனுப்பினாலும் போதும். ஆனால் கையோடு கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். மெத்தையையும் துணியையும் அன்றே உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அந்த மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடி, நான் கேட்பதற்கு முன்பே ‘கேக்குதும்மா, பாடு’ என்று சொல்கிற ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை. அரங்கத்தில் கடைசி வரிசையில் வாசலோரம் ஒரு நாற்காலியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் மேடையேறுவேன், அந்த நாற்காலியைப் பார்த்து வழக்கம்போலக் கேட்பேன். சுவரைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

போகிற இடமெல்லாம் நல்லபடியாக இருங்கள். கேக்குதா?

இப்படிக்கு,
படத்தில் இல்லாதவள்