பறக்காத ஹெலிகாப்டருக்கு நன்றி

அன்பு மகள் ரைகானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும், ஆளும் ஆடுமாடுமாக, வெள்ளம் விட்டுவைத்த மட்டில் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், இரண்டு சோடி கம்பளிக் காலுறையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அதிகாரி ஃபோனைக் கையில் கொடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ பேசினதைவிட அழுததுதான் அதிகம். ஹெலிகாப்டர் எஞ்சின் செய்முறைத் தேர்வில் கடைசியாக முடித்தவள் நீதான் என்றும், எல்லோர் முன்னாலும் பயிற்சி ஆசிரியர் "நீ ஸ்பேனரைக் கீழ வைக்கிறதுக்குள்ள சண்டையே முடிஞ்சு ரெண்டு பக்கமும் வீட்டுக்குப் போய் டீ குடிச்சிருப்பாங்க" என்று சொன்னார் என்றும், பையன்கள் அதிலிருந்து உன்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ போட்டாச்சா என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னாய். "விலகுறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடட்டுமாம்மா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லுமுன் ஃபோனை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இங்கே டவரே தண்ணீரில் நின்றது. அப்பா பிறகு உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அக்காவுக்கு மகன், எல்லோரும் சுகம் என்று மட்டும் சொல்லச் சொன்னார், அவருடைய சிக்கனம் உனக்குத் தெரியாததா, வெள்ளமே வந்து வீட்டு வாசலில் நின்றாலும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்பார். நடந்தது அத்தனை சுருக்கமில்லை. முழுக்க எழுதுகிறேன், ஓய்வாக இருக்கும்போது படி.

இந்த வருடம் பனி சேர்ந்தது அதிகம், ஏப்ரலில் வெயில் வந்தது திடீரென்று. ஆற்றங்கரைத் தெருவில் காலையில் முழங்கால் தண்ணீர், மத்தியானத்துக்குள் ஜன்னல் மட்டம். நம் வீட்டுக்குள் அடுப்புவரை வந்துவிட்டது. அப்பா குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே மேட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மீதி ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து மாடிக்கு வந்துவிட்டது. நான்தான் அங்கே சமையல்காரியாயிற்றே, கீழே சமையலறை முழுகுமுன் மாவு மூட்டையையும் எண்ணெயையும் இறைச்சியையும் மேலே ஏற்றவைத்தேன். கெமிஸ்ட்ரி அறையில் ஸ்டவ்வை வைத்து பௌர்சாக் மாவுருண்டை பொரித்துப் பொரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். உன் அக்கா ஜனாருக்கு மாதம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை எண்ணெய் வயலில் முறை வேலைக்குப் போயிருந்தார், திரும்பி வரப் பாதை இல்லை. அவளோடு அவள் மாமனார், நம் சம்பந்தி ஒராஸ்பாய் மட்டும். அவர் குரல் உனக்குத் தெரியுமே, அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து ஊர் நாய் குரைக்கும்.

மறுநாள் காலையில் அவளுக்கு வலி எடுத்தது. ஊர் நர்ஸ் சோல்பான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பிள்ளை தலை திரும்பலக்கா, உட்கார்ந்த மேனிக்கே இருக்கு. இதை நான் தனியாப் பார்க்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாள். ஊர்த் தலைவர் உதவி கேட்டுக் கத்தாத ஆள் இல்லை, கடைசியில் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று வந்து பள்ளிக்குப் பின்னால் முழுகாமல் நின்ற மைதானத்து மேட்டில் இறங்கியது. அது இறங்கினபோது நான் அழுதுவிட்டேன். உன்னையும் நினைத்துக்கொண்டேன், இதற்குள்தானே என் பெண் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறாள் என்று. ஜனாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியாயிற்று, சோல்பான் ஏறியாயிற்று, நான் ஒரு காலை உள்ளே வைத்தாயிற்று. இறக்கை சுற்ற ஆரம்பித்து, பிறகு சத்தம் இறங்கி இறங்கி நின்றே போய்விட்டது.

கேப்டனுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பையன், தௌரென் என்று பெயர், ஒல்லியாக, காது கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருப்பான், தெற்குப் பக்கத்துப் பேச்சு. அவன்தான் அந்த வண்டியின் டெக்னீஷியன். உள்ளே ஏதோ சிவப்பு விளக்கு எரிந்ததாம். அவன் மேலே ஏறி மூடியைத் திறந்து, கியர் பாக்ஸில் எதையோ கழற்றி, எண்ணெய்க் கையோடு இறங்கி வந்தான். வெள்ளைத் துணியில் துடைத்துக் கேப்டனிடம் காட்டினான். கேப்டன் நரைத்த மனிதர், இவனுக்கு அப்பா வயது. "நிச்சயமா? துடைச்சுட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போமா? பொம்பளைப் பிள்ளை வலியில கிடக்குது" என்றார். இவன் தலையைக் குனிந்துகொண்டு "தூளா இருந்தா துடைச்சிருப்பேன் சார். இது துண்டு. நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றான். கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, இறக்குங்கள் என்றார்.

அப்புறம் நடந்ததை நீயே நினைத்துப் பார்த்துக்கொள். ஊரே கூடிவிட்டது. ஒருத்தி சாபம் விடுகிறாள், ஒருவன் வீடியோ எடுக்கிறான். சம்பந்தி போய்ப் பையன் சட்டையைப் பிடித்துவிட்டார். "ரெண்டு இரும்புப் பிசிறுக்காக என் பேரனைக் கொல்லப் பார்க்கிறியாடா? வரும்போது பறந்து வந்துச்சுல்ல? போகும்போது மட்டும் என்ன கேடு?" அந்தப் பிள்ளை அவர் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. "ஐயா, இது உள்ள இருக்கிற சக்கரத்தோட பல்லு. ஒண்ணு உடைஞ்சிருக்கு. அடுத்தது எப்ப உடையும்னு எனக்குத் தெரியாது. வானத்துல உடைஞ்சா இறங்க இடம் தண்ணிதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், அழுதுவிடுவான் போல.

ரைகான், எனக்கு அப்போது என்ன ஞாபகம் வந்தது தெரியுமா. குளிர்கால விடுப்பில் நீ வந்திருந்தபோது நான் மாவு பிசைய, அப்பா பக்கம் புரட்ட, உன் பாடத்தை நான் கேள்வி கேள்வியாக வாசித்தேனே, அந்தத் தடித்த ரஷ்ய வார்த்தைகள் என் வாயில் மாட்டிக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்களே. எண்ணெயில் உலோகத் துண்டு கண்டால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி. நீ முழுப் பதில் சொல்லி முடித்ததும், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். "யார் சொன்னாலும் பறக்க விடக்கூடாதும்மா, ஜெனரலே வந்து நின்னாலும்" என்றாய். ஜெனரல் வரவில்லை, ஒராஸ்பாய் சம்பந்திதான் வந்து நின்றார். நான் நடுவில் போய் நின்றேன். "சம்பந்தி, கையை எடுங்க. உள்ள படுத்திருக்கிறது என் பொண்ணு. இந்தப் பையன் வேணாம்னா வேணாம். என் சின்னவ படிக்கிறது இந்தப் படிப்புதான், அவளா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பா" என்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதே. பேசாமல் இருந்தால் அவனை அடித்தே விடுவார்கள் போலிருந்தது, அவ்வளவுதான். சம்பந்தி கையை எடுத்தார், ஆனால் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

ஸ்ட்ரெச்சரை இறக்கினபோது ஜனார் "ஏம்மா இறக்குறாங்க" என்று கேட்டாள். ஹெலிகாப்டருக்கு உடம்பு சரியில்லடி என்றேன். "எனக்கு மட்டும் ரொம்ப சரியா இருக்காக்கும்" என்றாள். அந்த வலியிலும் அவள் நாக்கு அப்படி.

கேப்டன் ரேடியோவில் இன்னொரு ஹெலிகாப்டர் கேட்டார். வரும், ஆனால் நேரமாகும், எல்லா ஊரிலும் இதே கூத்து என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை ரேடியோ வழியாகவே பிடித்துக் கொடுத்தார்கள், அவர் சொல்வதைக் கேப்டன் கேட்டுச் சொல்ல, மாடிக்கும் மைதானத்துக்கும் பள்ளி வாட்ச்மேன் ஓடி ஓடிச் சோல்பானிடம் சொன்னார். மூன்றாம் வகுப்பு அறையில்தான் படுக்க வைத்தோம், சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. கொதிகலன் முழுகிவிட்டதால் ஒரே குளிர், ஜன்னலில் ஒரு கண்ணாடி வேறு இல்லை. தௌரென் எஞ்சினுக்குப் போர்த்துகிற கனத்த மெத்தை உறைகளைத் தோளில் சுமந்து வந்து ஜன்னல் முழுக்க ஆணி அடித்துத் தொங்கவிட்டான். ஒரே மண்ணெண்ணெய் வாசம், ஆனால் காற்று நின்றது. அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் ஆளைக் காணோம். தேடிப் போனால் நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். உப்புப் போட்ட பால் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "அம்மா, ஒருவேளை அந்தத் துண்டு சும்மா ஏதோன்னு தெரிஞ்சு, உங்க பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டான். தெரியலப்பா, டீயைக் குடி, ஆறிடும் என்றேன். அவனும் குடித்தான்.

பிள்ளை முதலில் பிட்டம், பிறகு கால், கடைசியில்தான் தலை. தலை வர நேரமாயிற்று, அந்த நேரத்தை நான் எழுத மாட்டேன். வெளியே வந்தும் அழவில்லை, நீலமாக இருந்தது. சோல்பான் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, என்னென்னவோ செய்தாள். நான் ஆண்டவனைக் கூப்பிடக்கூட மறந்து வாய்ப்பாட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு சத்தம் வந்தது, பூனைக்குட்டி மாதிரி. பிறகு பெரிதாக, அப்பட்டமாகத் தாத்தாவின் குரல். கீழே மைதானத்தில் சம்பந்தி அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மாலையில் இரண்டாவது ஹெலிகாப்டர் வந்து தாயையும் பிள்ளையையும் என்னையும் கொண்டுபோயிற்று. ஜனாருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, இப்போது நன்றாக இருக்கிறாள், நன்றாகத் திட்டுகிறாள்.

தண்ணீர் வடிந்ததும் தௌரெனோடு எஞ்சினியர்கள் வந்து அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்தார்களாம். உள்ளே ஒரு சக்கரத்தில் பல் வரிசையாகப் போயிருந்ததாம், ஆற்றைத் தாண்டியிருக்காது என்றார்களாம். சம்பந்தி அதைக் கேட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய், கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற தன் பட்டு அங்கியை எடுத்துவந்து, ஊர் பார்க்க அந்தப் பையன் தோளில் போர்த்திவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, "காது விறைச்சிடப் போகுது, போர்த்திக்க" என்றாராம். பேரனுக்கு டிக்குஷாக் என்று ஹெலிகாப்டர் பெயரையே வைக்கணும் என்று ஒரு வாரம் பிடிவாதம். ஜனார் கட்டிலிலிருந்தே "உங்க அடுத்த குதிரைக்கு வையுங்க மாமா" என்றுவிட்டாள். அமான் என்று வைத்திருக்கிறோம். பத்திரமாக வந்தவன், வேறென்ன பெயர் வைப்பது.

அப்பா மேட்டிலிருந்து ஹெலிகாப்டர் இறங்கினதைப் பார்த்தவர், அது திரும்பி எழும்பவில்லை என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாராம். பேரனைப் பார்த்த அன்று அதைச் சொன்னார். நம் செம்மண் நிறப் பெட்டைக் குதிரை வெள்ளத்தில் போய்விட்டது, அவர் அதைப் பற்றி இன்னும் பேசவில்லை, நீயும் கேட்காதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வரணும் என்றால் வா, கண்ணு. சுவர் இன்னும் காயவில்லை, கட்டில் உப்பிப்போயிருக்கிறது, ஆனால் உனக்கு இடம் இல்லாமல் போகாது. அப்பாவும் அதையே சொல்கிறார். ஆனால் மெதுவாகச் செய்கிறேன் என்பதற்காக மட்டும் வருவதாக இருந்தால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு மைதானத்தில் வேகமானவர்கள் நிறைய இருந்தார்கள், ஊர் முழுக்க வேகம்தான். வாத்தியார் சொல்வதிலும் நியாயம் இருக்கும், கையை வேகப்படுத்தப் பழகு, பழகினால் வரும். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடாதே. டீ போட்டாச்சா என்று கேட்கிற பையன்களுக்கு ஒரு நாள் நிஜமாகவே போட்டுக் கொடுத்துவிடு, உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடு, அப்புறம் கேட்க மாட்டார்கள்.

உனக்கு ஒரு நன்றியும் சொல்லணும். அம்மா மகளுக்கு நன்றி சொல்வதாவது என்று சிரிக்காதே. நீ அந்தப் படிப்புக்குப் போகாமல் இருந்திருந்தால், சம்பந்திக்கு முன்னால் நானே போய் அந்தப் பையன் சட்டையைப் பிடித்திருப்பேன். கேப்டன் மனசு இளகி வண்டியை எடுத்திருந்தாலும் எடுத்திருப்பார். உன் அக்காவும் அமானும் இருப்பதில் உன் பங்கும் இருக்கிறது, நீ அங்கே அழுதுகொண்டு ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே.

பார்சலில் காய்ந்த தயிர்க் குர்த் உருண்டையும் புதுக் காலுறையும் அப்பா கொடுத்த கைக்குட்டையும் இருக்கிறது. குர்த்தைப் பூட்டி வைத்துத் தின்னாதே, எல்லோருக்கும் கொடு. சளி பிடித்தால் மருந்து வேளாவேளைக்குப் போடு. தலைமுடியை ஈரத்தோடு தொப்பிக்குள் முடியாதே. ஆண்டவன் உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் கொடுக்கட்டும், நீ தொட்டு அனுப்பிய வண்டியெல்லாம் அனுப்பின மாதிரியே திரும்பி வரட்டும், உன் ஆயுசு நீளட்டும். தௌரெனைப் பெற்றவள் எந்த ஊரோ எனக்குத் தெரியாது, விசாரித்தும் கிடைக்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தினமும் தொழுகையில் சொல்கிறேன். நாளைக்கு உன்னால் பிழைத்த பிள்ளையோடு எங்கேயோ ஒருத்தி இதே மாதிரி என் ஊர் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் சொல்கிறதும் எனக்கு வந்து சேர்ந்துவிடும், கவலைப்பட வேண்டாம்.

உன்னை நெற்றியில் முத்தமிடும் அம்மா,
கலம்பிர்
(அப்பா தொலெகன் பக்கத்தில்தான் நிற்கிறார். எல்லாம் எழுதியாயிற்று என்கிறார், ஆனால் கடிதத்தின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.)