ஒலிக்கிண்ணம் வார்த்த சேந்தனைத் தேடி

மழை பிழையாத மருதவேலி நாட்டின் தலைமை அமைச்சர், நடுவுநிலை தவறாத வேள்நம்பியார் திருமுன்பு, குறும்பொறை நாட்டு அமைச்சன் விழுப்பரையன் வணங்கி விடுக்கும் ஓலை. உங்கள் மன்னர் நீடு வாழ்க. உங்கள் காடுகளில் தேன் பெருகுக.

எம் மலைநாட்டுத் தேன்கூடுகளில் சென்ற ஆண்டு உண்ணி விழுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கடுகினும் சிறிய அச்செவ்வுயிர் தேனீயின் உடலில் ஒட்டி உறிஞ்சி, குஞ்சுகளை முடமாக்கி, கூடு கூடாக வெறுமையாக்கியது. அவ்வேளையில் வெண்கலம் வார்க்கும் கன்னான் சேந்தன் ஒரு கிண்ணம் செய்தான். கூட்டுக்குள் தொங்கவிட்டால் தேனீக்களின் சிறகடிப்பில் அது முரலும், அந்த ஒலியில் உண்ணிகள் பிடி தளர்ந்து உதிரும் என்றான். உதிரவும் செய்தன. ஊர் கொண்டாடி விலைக்கு வாங்கியது. உண்ணி மிகுந்து பெருகும் ஆண் ஈப் புழுவறைகளை அறுத்தெறியும் பழைய வேலையைப் பலர் கைவிட்டனர்.

நாடெங்கும் கிண்ணம் வார்க்க ஆணையிடுமுன், சோதித்துச் சொல்லும்படி, புதுக் கருவிகளை ஆய்ந்து தீர்ப்புரைக்கும் நல்லியக்கி அம்மையாரை மன்னர் மலைக்கு அனுப்பினார். அவர் ஒரே தோட்டத்தில் பாதிக் கூடுகளுக்கு மட்டும் கிண்ணமிட்டு, எல்லாக் கூடுகளின் அடியிலும் எண்ணெய் தோய்த்த வெண்துணி விரித்து, விழுந்த உண்ணிகளைக் காலைதோறும் எண்ணினார்.

பாதிக் கூடுகளை வேண்டுமென்றே சாகவிடுகிறாள் என்று ஊர் அவரை வெறுத்தது. அவர் வரக் கண்டால் கதவுகள் சாத்தப்பட்டன. அடுப்புக்குக் கேட்ட நெருப்பும் கிடைக்கவில்லை. பேச ஆளின்றித் தம் குரலே தமக்கு அந்நியமாகிவிட்டதென்று எமக்கு எழுதினார்.

அவரைத் தேடி வந்த ஒரே மனிதன் சேந்தன். சண்டையிடத்தான் வந்தான். “என் கிண்ணம் பொய்யின்னா அதை நானே எண்ணிப் பாத்துக்கிறேன் அம்மா” என்று துணியருகே குந்தினான். பிறகு நாள்தோறும் வந்தான். ஒரு துணி அவருக்கு, மறுதுணி அவனுக்கு.

கார்காலம் முடிந்தது. கிண்ணம் இருந்த கூட்டின் கீழும் இல்லாத கூட்டின் கீழும் உண்ணிகள் ஒரே அளவில்தான் உதிர்ந்திருந்தன. அவை என்றும் தாமே உதிர்பவை. கிண்ணம் வருமுன் எவரும் குனிந்து பார்த்ததில்லை, அவ்வளவே. ஊரிலோ, கிண்ணத்தை நம்பிப் புழுவறை அறுப்பதை விட்டவர்களின் கூடுகளே முதலில் அழிந்தன.

அம்மையார் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அவன் மறுக்கவில்லை, கணக்கில் பாதி அவன் எண்ணியது. துணிகளை அலசி மடித்து வைத்தான். ஊரார் கையில் அகப்படுமுன் உங்கள் எல்லைக்குள் போய்விட்டான்.

இருந்த ஒரே நம்பிக்கையையும் பறித்தவள் என்று ஊர் இப்போதும் அம்மையாரை ஏசுகிறது. மன்னர் பரிசளிக்க அழைத்தபோது அவர் கேட்டது ஒன்றே: சேந்தனை ஏமாற்றுக்காரன் என்று எவரும் சொல்லலாகாது, நம்பியவரைக்கும் விற்றான், நம்பிக்கை போனதும் ஒன்றும் விற்கவில்லை.

ஆதலின், ஒலிக்கிண்ணம் விற்போர் எவர் வரினும் உங்கள் குடிகளை வாங்க விடாதிருக்க வேண்டுகிறோம். சேந்தனைக் கண்டால் விலங்கிடாமல் எம் மன்னரின் ஆணையைப் படித்துக் காட்டுக: அவன் சோதனைத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இப்போது உண்ணியை விரட்டுமென்று மூலிகைப் புகை கக்கும் மண்கலம் ஒன்று தீர்ப்புக்கு வந்துள்ளது. அம்மையார் தனியே எண்ணிக்கொண்டிருக்கிறார். புதிதாக எதையும் செய்து சுமந்து வர வேண்டாம், வெறுங்கையோடு வந்தால் போதும் என்று அவர் சொல்லச் சொன்னார்.

இவ்வோலையில் கொம்புமான் இலச்சினை பொறித்தோம். இது எம் மன்னர் சொல். வெறுங்கையோடு வரச் சொன்ன வரி மட்டும் அம்மையார் சொல்.