மூத்தாள் பொட்டு

நீலாய்,
20.7.1994

அன்புள்ள திலகத்திற்கு,

நலம். கூச்சிங்கில் உன் பள்ளிக்கூடம், மழை எல்லாம் எப்படி?

நான் பிறந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அடக்கம் செய்தவர்களை எடுத்துச் சிரம்பானுக்கு மாற்ற வேண்டும். பெயர்ப் பலகைகளைக் கரையான் தின்றுவிட்டதால் யார் எங்கே என்று தெரியவில்லை. அதற்குத்தான் எங்கள் கம்பெனியின் ராடார் ஆண்டெனாக்கள். ஒன்று மண்ணுக்குள் நுண்ணலையை அனுப்பும், மற்றொன்று திரும்பி வருவதை வாங்கும். திரையில் குழி வளைகோடாகத் தெரியும். உலோகம் இருந்தால் பளிச்சென்று தெரியும். வள்ளிநாயகியோடு அவள் பித்தளைக் குங்குமச்சிமிழையும் வைத்துத்தான் புதைத்தோம்.

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கட்டாயம் அங்கே வருவேன்.

அன்புடன்,
சன்னாசி

கூச்சிங்,
29.7.1994

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு வரி, அதிலும் மழைக்குப் பாதி. மிச்சமெல்லாம் உங்கள் முதல் மனைவிக்கு. பொறாமையா என்று கேட்காதீர்கள். பொறாமைதான்.

கல்யாணத்தன்று உங்கள் அம்மா, "இது மூத்தாள் பொட்டும்மா, கழட்டிராத, அவ கோவிச்சுக்குவா லா" என்று ஒரு தங்கப் பொட்டை என் தாலியோடு கோத்துவிட்டார். ஆடிக்கு ஆடி அவளுக்குப் புடவை வைத்துப் படைத்தேன். மண்ணுக்குக் கீழே இருப்பவளைப் பார்க்க உங்களிடம் கருவி இருக்கிறது. பக்கத்தில் படுத்துக் காய்ச்சலில் அனத்திய என்னை விடிந்த பிறகுதான் பார்த்தீர்கள்.

இறால் சொல்லி வைத்திருக்கிறேன். வாருங்கள்.

உங்கள் திலகம்

நீலாய்,
18.8.1994

அன்புள்ள திலகத்திற்கு,

விடுமுறைக்கு வர முடியவில்லை, கோபிக்காதே. ஒரு வாரமாக மழை. ஈர மண் அலைகளை விழுங்கிவிட்டது. "லோரி வரப்போவுது சார், சீக்கிரம் பாருங்க லா" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேறு அவசரப்படுத்தினார்.

நேற்றுதான் வெயில். வேலியோரம் பளிச்சென்று ஒரு வளைவு. தோண்டினோம், சிமிழ்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புது இடத்தில் முதல் படையலை இளையவள்தான் வைக்க வேண்டுமாம். டிக்கெட் எடுக்கிறேன், வருவாயா?

அன்புடன்,
சன்னாசி

கூச்சிங்,
27.8.1994

அத்தானுக்கு,

நான் வரவில்லை. இறாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூத்தாள் பொட்டை இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். சிமிழோடு சேர்த்துப் புதைத்துவிடுங்கள். தங்கமும் உலோகம்தானே, இன்னொரு முறை அவளைத் தேட நேர்ந்தால் உங்கள் திரையில் சீக்கிரம் தெரியும். இத்தனை வருடம் என் கழுத்தில் சுமந்தது போதும். அவள் கோபித்தால் என்னிடமே வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

டிசம்பரில் பள்ளி விடுமுறை. நீங்கள் வந்தால் விமான நிலையத்துக்கு நான் வருவேன். ஆனால் தனியாக வாருங்கள்.

திலகம்