பதினேழு ஓட்டைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறதே, அண்ணனுக்குக் கை கொஞ்சமாவது அசைகிறதா?

கூட வரும் பார்சலில் என் பதினோரு மாத உழைப்பு இருக்கிறது. ஜன்னல் அகலத்துக்கு ஊசியால் பின்னிய லேஸ். ஏப்ரல் இருபதில் கண்காட்சி. புதுமுறை வேலைகளுக்கென்று தனிக் கூடம், அதில் எனக்கும் ஒரு சுவர். பூவோ மயிலோ இல்லாததால் உங்களுக்குப் பிடிக்காது. துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் குண்டூசி குத்தி விரித்துக் காயவைத்துத் தாருங்கள். அந்தக் கை உங்களுக்குத்தான் உண்டு. இருக்கிற வேலை போதாதென்று நானும் சேர்க்கிறேன், மன்னியுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

பார்சல் வந்தது. உன் அண்ணன் அப்படியேதான். கை அசையவில்லை, வாய் ஓயவில்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, துடைத்து நான் நிமிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

உன் புதுமுறை வாழ்க. கொசுவலைகூட இதைவிட நெருக்கமாக இருக்கும். அது போகட்டும், இப்படியா கட்டி அனுப்புவாய்? பிரித்துப் பார்த்தால் பதினேழு இடத்தில் ஓட்டை, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை நுழையும். எலியோ பூச்சியோ தெரியவில்லை. உனக்கு எழுதினால் மனசு உடைந்துபோவாய் என்று, ஒன்பது நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பின்னி அடைத்துவிட்டேன். எது உன் கை, எது என் கை என்று எவராலும் சொல்ல முடியாது. காய்ந்ததும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 24

அண்ணி,

அந்த ஓட்டைகள்தான் என் வேலையே. கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வருஷம் நாம் ஒரே மேஜையில் பின்னினோம். கண்ணாடி எங்கே, தண்ணீர் எங்கே என்று அண்ணன் குரல் கொடுத்தால் வரிசையின் நடுவில் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போவீர்கள். திரும்பி வந்து, விட்ட இடம் தெரியாமல் தொடர்வீர்கள். அந்த இடங்களைத்தான் நான் திறந்து வைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாள் அதிகம் இல்லை. பிரித்து அனுப்புங்கள்.

நாத்தனார்

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

பிரிக்க உட்கார்ந்தேன். என் முடிச்சு பிரியாது என்று உனக்கே தெரியும். வெட்டினால் உன் நூலும் சேர்ந்து போகும். அப்படியே அனுப்புகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பொய்யைச் சுமக்கவும் தெம்பில்லை. அவை கிழிசல் இல்லை என்று முதல் நாளே தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓரம் கட்டியிருந்தாய். எலியா ஓரம் கட்டும்? பொறாமைதான். முப்பது வருஷம் ஒரு கண்ணி தவறாமல் பின்னினேன், ஒருவரும் எனக்குச் சுவர் தரவில்லை. நீ பின்னாமல் விட்டதற்குத் தருகிறார்கள்.

அது என்னைப் பற்றியது என்று மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் இறுக்கி அடைத்திருப்பேன். நான் எழுந்து போனதை ஊரார் நின்று பார்க்க வேண்டுமா? அந்த ஒன்பது நாளும் அவர் கூப்பிடக் கூப்பிட, "இருங்க, இந்த வரிசைய முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லி உட்கார்ந்தே இருந்தேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால் நனைந்த படுக்கையில் கிடந்தார். அழுதுகொண்டே மாற்றினேன். மறுநாளும் அப்படியேதான் உட்கார்ந்தேன்.

களைப்பாக இருக்கிறது. கோபம் தீரும்வரை எழுதாதே.

அண்ணி

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணிக்கு,

லேஸ் வந்த அன்றே கத்தரிக்கோலை எடுத்தேன். நான் வரைந்த தாளைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் ஓரம்கூடப் பிடிபடவில்லை. எங்கே வெட்டுவது?

கண்காட்சிக்காரர்கள் இது பழைய முறை என்று சொல்லிப் பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். என் சுவர் வேறொருவருக்குப் போனது. மாடிப்படி ஓரமாக மாட்டினார்கள். வந்தவர்கள் கண்ணிகளின் நேர்த்தியைப் புகழ்ந்தார்கள். அது என் அண்ணியின் கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பொறாமைக்காரிதான்.

கோபம் தீரவில்லை. தீரட்டும் என்று காத்திருந்தால் இருவருக்கும் பல் கொட்டிவிடும். வேலையில் மூன்று வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அண்ணன் கூப்பிட்டால் நான் எழுந்து போகிறேன்.

உங்கள் நாத்தனார்