மாலதிபாய்க்கு என்ன செய்வேன்

3 பிப்ரவரி 1969, திங்கள்

இன்றும் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அடுத்த வீட்டு மாலதிபாய் வரிசையில் என் குடத்துக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். சிரித்தேன், அவளும் சிரித்தாள். என் அரைகுறை மராட்டிக்கு அதற்கு மேல் ஓடாது.

மதராஸிகள் பம்பாயை விட்டுப் போகவேண்டும் என்று கத்துகிற கூட்டம் தாதரில் நம்மவர் ஹோட்டல் ஒன்றின் போர்டில் தார் பூசிவிட்டதாம். இவர் ஆபீசிலிருந்து வந்து சொன்னார். "நாம என்ன ஹோட்டலா வச்சிருக்கோம்? பேசாம இரு அகிலா" என்று சிரித்தார். இவருக்கு எல்லாமே தமாஷ். எனக்கு மேலே பல்லி விழுந்தாலே அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் கூட்டம் செம்பூருக்கு வர எவ்வளவு நேரமாகும்?

8 பிப்ரவரி, சனி

இவர் இன்னும் வரவில்லை. அரைநாள் ஆபீஸ், சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

மத்தியானம் தெருவில் ஒரே கூச்சல், கண்ணாடி உடையும் சத்தம். கீழே பாலக்காட்டு மாமாவின் காப்பிப்பொடிக் கடையை நொறுக்கிவிட்டார்கள். தெருவில் கொட்டிய பொடியின் வாசனை மாடிக்கு வந்தது. நாள்தோறும் எனக்குப் பிடித்த வாசனை. இன்று குமட்டியது.

"மதராஸி வீடு எது?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். நான் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாலதிபாய் பின்பக்க வராந்தா வழியாக வந்து என்னைத் தரதரவென்று தன் சமையலறைக்கு இழுத்துப் போனாள். என் நெற்றியில் அகலமாகக் குங்குமம் அப்பினாள். அப்புறம் மூக்கைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி போடுகிறவர்கள் இங்கே நாம்தானே! கழற்றப் பார்த்தாள், வலது பக்கத் திருகு அசையவே இல்லை. ஒரு கம்பளித் துண்டை எடுத்துக் கன்னத்தோடு மூக்கையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"யார் இது?" என்று வாசலில் ஒருவன் கேட்டான்.

"நாசிக்கிலேர்ந்து என் நாத்தனார். பல்லைப் பிடுங்கியிருக்கு, பேச முடியாது."

போய்விட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "காபரு நகோஸ்" என்றாள். பயப்படாதே என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவளே தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பகவானே, இவர் எங்கே?

9 பிப்ரவரி, ஞாயிறு

வந்துவிட்டார். தாதரிலேயே ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கி, விடிந்ததும் தண்டவாளத்தோடு நடந்தே வந்திருக்கிறார். சட்டை கிழிந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. கடைகள் திறக்கவில்லை என்று மாலதிபாய் ஒரு பித்தளைத் தூக்கில் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுக் கூட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன்னா, இவளுக்கு நாம என்ன செய்யப்போறோம்?" என்றேன்.

"ஒண்ணும் செய்யாதே. அவ மச்சினன் வசந்த் அந்தக் கூட்டத்தோடதான் சுத்தறான். தெரிஞ்சா அவளை என்ன பண்ணுவானோ! நன்றியை மனசோட வச்சுக்கோ."

மனசோட வச்சுண்டா யாருக்கு என்ன பிரயோஜனம்?

11 பிப்ரவரி, செவ்வாய்

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன் — என்ன காரியம்!

தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்ப எனக்குக் கை வராது. அம்மா வீட்டிலும் அனுப்பியதில்லை, மாமியார் வீட்டிலும் இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தேன்குழல் பிழிந்து, தூக்கு நிறைய அடுக்கி, அவள் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கடைக்குப் போயிருந்தாளாம். எடுத்தது வசந்த்.

அன்று படியேறி வந்தவர்களில் ஒருவனும் அவனோடு இருந்திருக்கிறான். "இது மதராஸி பலகாரமாச்சே! அந்தப் பல்வலி நாத்தனார் எங்கே?" என்று கேட்டான். நடுவில் இருப்பது மெல்லிய சுவர். திட்டு புரிகிற அளவுக்கு எனக்கு மராட்டி தெரியும். அண்ணனிடம் சொல்லி அவளை ரத்னகிரிக்கே, கிராமத்துக்கே அனுப்பிவிடுவேன் என்று வசந்த் கத்தினான். ஆமாம், நான்தான் ஒளித்து வைத்தேன் என்று அவள் சொன்னது கேட்டது.

12 பிப்ரவரி

மாலதிபாய் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது.

14 பிப்ரவரி, வெள்ளி

கலவரம் நடந்ததிலிருந்து இவர்தான் தண்ணீர் பிடிக்கிறார். இன்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். குழாயடியில் மாலதிபாயின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டார்களாம். கீழ்வீட்டுக் கோதாவரிபாய்தான் தள்ளினாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க?"

"நான் கேட்டா இன்னும் மோசமாகாதா?"

குருவாயூரப்பனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். வைத்த பிறகு தோன்றியது — அன்றைக்கு அவரா வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்?

17 பிப்ரவரி, திங்கள்

நானே குழாய்க்குப் போனேன். படியில் வசந்தும் அவன் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்கினேன். மாலதிபாயின் குடம் ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்து வரிசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. வெறுங்குடத்தோடுதான் திரும்பினேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஏதோ செய்துவிட்டோம் என்று.

18 பிப்ரவரி

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மாலதிபாய் படியில் என்னை நிறுத்தி, தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னாள். "என் பக்கத்துல வந்து நிக்காதே, தாயே. நீ நிக்க நிக்க என்னை மதராஸிக்காரிங்கறாங்க. எங்க வீட்டுக்காரர்கூட ரத்னகிரிக்குப் போயிட்டு வான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டார்."

அவள் கண் வீங்கியிருந்தது.

பலகாரம் கொடுத்தேன், கெடுத்தேன். பக்கத்தில் நின்றேன், இன்னும் கெடுத்தேன். இதெல்லாம் என் மனசு ஆற நான் செய்ததுதானே. அவளுக்கு எது வேண்டும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

19 பிப்ரவரி

அவளுக்கு வேண்டியது அவளுடைய மனிதர்கள். அவர்கள் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், நான் அவளுக்கு வேண்டாதவளாக வேண்டும். எல்லோரும் பார்க்க. இதைவிட்டால் வழி தெரியவில்லை. தனியாக ஒரு மதராஸிக்காரி, அதுவும் இந்தச் சமயத்தில். அடித்துவிட்டால்?

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

21 பிப்ரவரி, வெள்ளி

போனேன். மாலதிபாயின் குடம் ஓரத்தில் இருந்தது. நேராகப் போய் அதை நகர்த்திவிட்டு என் குடத்தைக் குழாய்க்கு அடியிலேயே வைத்தேன். "என்ன இது?" என்றாள் மாலதிபாய். "எனக்கு அவசரம். நீ அப்புறம் பிடி" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் கண்ணைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் அழுதிருப்பேன். அவளுக்குப் புரிந்ததா, நிஜமாகவே கோபம் வந்ததா, எனக்குத் தெரியாது. அவளும் ஆரம்பித்தாள். என்ன கத்தல்! திமிர் பிடித்தவள் என்றாள், நன்றி கெட்டவள் என்றாள். கோதாவரிபாய் என் குடத்தைத் தூக்கிப் போட்டு, "அவ குடத்துல கைவைக்க நீ யாரு?" என்று மாலதிபாய் பக்கத்தில் போய் நின்றாள். மற்றவர்களும் அவள் பின்னால் நின்றார்கள்.

சத்தம் கேட்டு வசந்த் படியிறங்கி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க அண்ணி குடத்தை இனிமே தொட்டே, பார்த்துக்கோ."

எங்க அண்ணி என்றான். அவள் குடம் நிறைந்ததும் அவனே தூக்கிக்கொண்டு மேலே போனான்.

காலி குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். "என்னடி, தண்ணி வரலையா?" என்று இவர் கேட்டார்.

"சண்டை போட்டேன்."

"யாரோட?"

"மாலதிபாயோட."

இவர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். நெளிந்த குடத்தை மூலையில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனேன்.