தாரணியின் கை ஐம்பத்தேழு

சனி, 5 ஜூலை

காலையில் மழை. பத்து மணிக்குத்தான் விட்டது. கோலா சாவா வரைக்கும் முன்னால் செம்பனைக் குலை லாரி. முந்த இடமில்லை.

வேனில் ஏற்றியது: கால் அளவு வயலின் 4, அரை அளவு 2 (மீதி பிள்ளைகளின் வீட்டில்), வில்லுக்குத் தடவும் ரோசின் 3, மடக்கு ஸ்டாண்டு 9, பிஸ்கட் டின். டிஷ்யூ மறந்தேன். மூக்கு ஒழுகும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். இருந்தது.

சிம்பாங்கில், செம்பனைத் தோட்டத்துக்குப் பிரியும் முச்சந்தியில், தாரணி நின்றிருந்தாள். பதினொரு வயது. எங்கள் இசைச் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். சிம்பாங்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மற்ற பிள்ளைகள் நடந்தே வந்துவிடுவார்கள். இவள் வீடு எதிர்ப்பக்கம் என்பதால் என்னோடு. முன் சீட்டில் ஏறுவாள், பெல்ட் போட மறப்பாள், வேன் கீச் கீச் என்று கத்தும், நான் திட்டுவேன். அதன்பின் வாய் மூடாது. இன்று: பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு வால் இல்லை. கணக்கு வாத்தியார் மீசையை எடுத்துவிட்டார், ஆளே சரியில்லை.

வகுப்பில் டீச்சர் அவள் இடக்கையைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் நெருக்கியடிக்கின்றனவாம். மணிக்கட்டு வலிக்கிறதாம்.

"அக்கா, இவளுக்கு முக்கால் வயலின் கொடுக்கலாம் போல இருக்கே. அளவு எடுத்தீங்களா?"

பிப்ரவரியில் எடுத்தேன், கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்றேன்.

பொய். எழுதிவிட்டேன், போகட்டும்.

ஞாயிறு, 6 ஜூலை

வெயில். துணி துவைத்தேன். போர்வையும்.

இந்த வாரம் என்னோடு பேசியவர்கள்:
பாசாரில் மீன் விற்பவர் ("வேற என்னா?").
பக்கத்து வீட்டுக்காரர், வேனைத் தள்ளி நிறுத்தச் சொல்லி.
ஜொகூரிலிருந்து தம்பி. கை தவறி அழுத்திவிட்டானாம். வைத்துவிட்டான்.
தாரணி.

நான் இருக்கும் தெமியாங்கில் இத்தனை வீடு இருக்கிறது. இதுதான் பட்டியல்.

சங்கத்து வழக்கம் இது. வயலின் எல்லாம் இரவல், இலவசம். பிள்ளை வளர வளரச் சின்னதைத் திருப்பித் தந்து பெரியதை வாங்கிக்கொள்ளும். கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை டேப் பிடிப்பது என் வேலை. ஐம்பத்தாறு செண்டிமீட்டர் வந்தால் முக்கால் வயலின். முக்கால் வாங்கிய பிள்ளை தோட்டத்து வகுப்பில் இருக்காது. அம்பாங்கானில் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கப் போய்விடும். அதற்கு வேறு வேன், வேறு டிரைவர்.

பிப்ரவரியில் தாரணியின் கை ஐம்பத்தேழு. நான் எழுதியது ஐம்பத்தைந்து.

எழுதும்போது தயங்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. அவள் போய்விட்டால் எனக்குச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிடும். காரணம் அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

போர்வை இன்னும் காயவில்லை.

புதன், 9 ஜூலை

மேகமூட்டம். சங்கத்து ஸ்டோரில் வயலின்களைத் துடைத்தேன். முக்கால் ஒன்று சும்மாவே கிடக்கிறது. வயலின் கைக்கு வந்ததும் பெட்டி மூடியின் உட்புறம் பெயர் எழுத வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளின் பழக்கம். இதில் மூன்று பெயர். கடைசிப் பெயருக்குக் கீழே நிறைய இடம்.

டீச்சரிடமிருந்து செய்தி. அம்பாங்கான் குழுவில் ஒரு இடம் காலி. சனிக்கிழமைக்குள் பெயர் தர வேண்டும், விட்டால் அடுத்த வருஷம்தான். தோட்டத்திலிருந்து யாராவது இருக்கிறார்களா அக்கா என்று கேட்டிருந்தார்.

'இல்லை' என்று அடித்தேன். அழித்தேன்.

வயலின் துடைத்த துணியாலேயே மூக்குக் கண்ணாடியையும் துடைத்துத் தொலைத்தேன். ரோசின் ஒட்டி, வீடு வரும்வரை எல்லாம் மங்கல்.

வெள்ளி, 11 ஜூலை

மழை. டீச்சருக்குப் பதில் போடவில்லை. கறிவேப்பிலை வாங்க மறந்தேன். கறிவேப்பிலை இல்லாத ரசம்.

சனி, 12 ஜூலை

சிம்பாங்கில் தாரணி இல்லை. அவள் அம்மா வசந்தி, தனியாக, கையில் அரை வயலின் பெட்டி. ரந்தாவில் கடை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திருப்பித் தருவதற்காக.

"எடுத்துக்குங்கக்கா. தினம் எண்ணெய் தேச்சு விடுறேன், வலி போகமாட்டேங்குது. நேத்து அழுதுட்டா. என் கை இதுக்குச் சரியில்லம்மாங்கிறா."

ஒரு நிமிஷம் நினைத்தேன். பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டுப் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நினைத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

"கை நல்லாத்தான் இருக்கு வசந்தி. வயலின்தான் சின்னதா போச்சு. பிப்ரவரியிலயே மாத்தியிருக்கணும். நான் அளவக் குறைச்சு எழுதிட்டேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். ரோட்டோரத்தில், லாரி போகிற சத்தத்தில், ஐம்பத்திரண்டு வயதுக்காரி, பேச்சுத் துணைக்கு உன் பெண்ணை நிறுத்தி வைத்துக்கொண்டேன் என்று. வசந்தி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவளிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். வேனில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் தாரணி, மடியில் வாலில்லாத குட்டி. டேப்பைப் பிடித்து, எண்ணை அவளையே படிக்கச் சொன்னேன். ஐம்பத்தெட்டு. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப என் கையில கோளாறு ஒண்ணும் இல்லையா ஆண்ட்டி?"

"ஒண்ணும் இல்லம்மா."

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வாய் மூடாத பிள்ளை. கேட்டிருந்தால் தேவலை.

முக்கால் வயலினைக் காலையிலேயே வேனில் ஏற்றியிருந்தேன். ஏன் ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். மூடியில் நான்காவது பெயராக எழுதினாள், நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக.

மண்டபத்துக்கு நாற்பது நிமிஷம் தாமதம். டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன். தாரணி பெயரை அங்கேயே அம்பாங்கானுக்கு அனுப்பினார். இனிமேல் அளவை இரண்டு பேர் பார்க்கலாம் அக்கா என்றார். முகம் சரியாக இல்லை. எப்படி இருக்கும்.

வியாழன், 17 ஜூலை

வெயில். வசந்தியிடமிருந்து குரல் செய்தி: "வலிக்கலையாம்க்கா." அவ்வளவுதான். பின்னால் வயலின் சத்தம். மூன்று தரம் கேட்டேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

சனி, 19 ஜூலை

மழை இல்லை. சிம்பாங்கில் வேகத்தைக் குறைத்தேன். பழக்கம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இந்நேரம் அவள் அம்பாங்கான் வேனில் இருப்பாள். வால் இல்லாத குட்டியைப் பற்றி அந்த டிரைவரிடம் சொல்லிக்கொண்டு போவாளாக இருக்கும்.

வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை, ஏழு வயது. அளவை அதுவே படித்தது, டீச்சர் எழுதினார். கால் வயலின்.

திரும்பும்போது பின்பக்கம் ஸ்டாண்டுகள் சரிந்து கிடந்தன. அடுக்கப் பொறுமை இல்லை. நான்கு பெட்டிகளைத் தூக்கி முன் சீட்டில் வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் வேன் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது.

"பெல்ட் போடு" என்றேன், வாய்விட்டு.

அப்புறம் ஓரம் கட்டி, நானே பெட்டிகளுக்குப் பெல்ட் போட்டேன்.